“இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அக்கறை?”

2017 பிப்ரவரி. தமிழ்நாடு முழுக்க ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை எல்லோருக்கும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடும் பெரிய முகாம் தொடங்கியிருந்தது. பள்ளியில் ஊசி போடுகிற நாளன்று என் சித்தி தன் மகளை அனுப்பவில்லை. வயிற்றுவலி என்று லீவு லெட்டர் எழுதி, பக்கத்து வீட்டுப் பையன் கையில் கொடுத்துவிட்டார்.

சித்தி தடுப்பூசிக்கு எதிரானவர் கிடையாது. இரண்டு பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளும் ரேஷன் கார்டும் பட்டா நகலும் இருக்கிற பிளாஸ்டிக் கவரிலேயே பத்திரமாக இருக்கும். ஒரு தவணை தவறியதில்லை. புதன்கிழமை ஊசி நாள் என்றால் தெருவில் இருக்கும் மற்ற தாய்மார்களையும் அவர்தான் கூட்டிக்கொண்டு போவார். அப்படிப்பட்டவர் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டேன்.

“எப்பவும் நர்ஸம்மா போடுவாங்க, அட்டையில எழுதுவாங்க, காய்ச்சல் வந்தா என்ன செய்யணும்னு சொல்லுவாங்க. இது என்ன, ஸ்கூல்ல வரிசையா நிக்க வச்சு? ஏற்கெனவே போட்ட ஊசியையே திரும்பப் போடணுமாம். காய்ச்சல்னு போனா மணிக்கணக்கா உக்கார வைக்கிறாங்க. இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அக்கறை?”

அந்த வாரங்களில் எல்லோருடைய செல்போனிலும் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு டாக்டர் பேசுவதாகச் சொன்னார்கள். வெளிநாட்டுக் கம்பெனி, பரிசோதனை, மலட்டுத்தன்மை என்று என்னென்னவோ. முகாம் தடுமாறியதற்கு வாட்ஸ்அப் மேல்தான் பழி விழுந்தது. ஆனால் சித்தி பேச்சில் வாட்ஸ்அப் வரவே இல்லை. அவருடைய சந்தேகம் அதற்கு முன்னாலேயே இருந்தது. பதில் இல்லாமல் கிடந்த ஒரு கேள்விக்குள் அந்தக் குரல் பதிவு வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இந்த மாதிரி மறுப்பைப் பார்த்ததும் ‘அறியாமை’, ‘மூடநம்பிக்கை’ என்று முத்திரை குத்தி அடுத்த வேலைக்குப் போய்விடுகிற பழக்கம் சுகாதாரத் துறைகளுக்கு உலகெங்கும் உண்டு. கொஞ்சம் படித்தவர்கள் ‘கலாசாரத் தடை’ என்பார்கள். பொருள் ஒன்றுதான். ஆனால் மறுக்கிறவர் வாயைத் திறக்கவிட்டு உட்கார்ந்து கேட்டால், பெரும்பாலும் சித்தி கேட்ட கேள்விதான் வருகிறது. மேற்கு உத்தரப்பிரதேசத்திலும் அதே கேள்வி, நைஜீரியாவின் கானோ நகரத்திலும் அதே கேள்வி. அதற்கு என்ன பதில் தானாகத் தோன்றுகிறது, யார் வந்து பதில் சொன்னால் மனம் ஆறும் என்பதைத்தான் பண்பாடு தீர்மானிக்கிறது.

மனம் ஏன் இப்படி எதிர்த்து நிற்கிறது என்பதற்கு ஒரு பழைய விளக்கம் இருக்கிறது. 1966-ல் அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரேம் முன்வைத்தது. தன் கையில் இருப்பதாக ஒருவர் நினைக்கும் சுதந்திரத்தை யாராவது பறிக்கப் பார்த்தால், அதை மீட்கும் உந்துதல் அவருக்குள் எழும். சொன்னதற்கு நேர்மாறாகச் செய்துகூடக் காட்டுவார் என்றார். நம் ஊரில் இதற்கு ‘முரண்டு’ என்று பெயர். குழந்தையிடம் “தொடாதே” என்றால் அந்தப் பொருள் மேலேயே கை போகும். சிகரெட், மது, தலைக்கவசம் என்று எந்தப் பிரசாரத்தை எடுத்தாலும், ‘கட்டாயம்’, ‘கூடவே கூடாது’ என்று அழுத்த அழுத்த, கேட்கிறவருக்குள் இந்த முரண்டு தலைதூக்கும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே மிரட்டாமல் சொல்லுங்கள், “முடிவு உங்களுடையது” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள் என்பது மேற்கத்திய நாடுகளில் பாடமாகவே ஆகிவிட்டது.

சரி, பறிபோவது யாருடைய சுதந்திரம்? இந்த இடத்தில்தான் பண்பாடு நுழைகிறது. ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பர்க் பல்கலைக்கழக உளவியலாளர் ஏவா யோனாஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009-ல் இதைப் பற்றி எழுதினார்கள். தன்னைத் தனி ஆளாக எண்ணிப் பழகியவருக்குத் தன் சொந்த விருப்பத்தில் கை வைத்தால் கோபம் வருகிறது. தன்னை ஒரு கூட்டத்தின் பகுதியாக எண்ணிப் பழகியவருக்கு அதில் அவ்வளவு சுருக்கென்று தைப்பதில்லை. தன் கூட்டத்தின் சுதந்திரத்தில் யாராவது கை வைத்தால்தான் அவர் சிலிர்த்து எழுகிறார். கூட்டு வாழ்க்கை வாழ்கிறவர்கள் சொன்னதைக் கேட்டு நடப்பார்கள், முரண்டு பிடிக்கமாட்டார்கள் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அவர்களும் பிடிப்பார்கள். ‘என்னை’ என்பதற்குப் பதில் ‘எங்களை’ என்று வரும்.

நம் வீடுகளையே பாருங்களேன். பெரியப்பா “சர்க்கரை இருக்கு, இனிப்பைத் தொடாதே” என்று அதட்டினால் யாரும் முரண்டு பிடிப்பதில்லை. அது உரிமை. அதையே மைக் வைத்த வண்டியில் வெளியாள் ஒருவர் வந்து “இந்தத் தெருக்காரர்களுக்குச் சுகாதாரம் தெரியவில்லை” என்று சொல்லிவிட்டுப் போகட்டும், தெருவே கொதிக்கும்.

கானோவில் நடந்ததை இந்தக் கண்ணோடு பார்த்தால்தான் விளங்கும். 2003-ன் பிற்பாதியில், வட நைஜீரியாவின் சில மாநிலங்கள் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தின. கானோ மாநிலம்தான் அதிக காலம், ஏறத்தாழ ஓராண்டு, நிறுத்தி வைத்தது. மருந்தில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் பொருள் கலந்திருக்கிறது, முஸ்லிம்களின் எண்ணிக்கையைக் குறைக்க மேற்கு நாடுகள் செய்கிற சதி இது என்று மதத் தலைவர்கள் சிலரே பேசினார்கள். உள்ளூரில் ஒரு பரிசோதனையில் ஹார்மோன் தடயம் கிடைத்ததாகவும் சொல்லப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் மறுத்தது. ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலம். மறுப்பு யார் காதிலும் ஏறவில்லை.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் இதை மத வெறி என்றார்கள். கானோ மக்களுக்கு நினைவில் இருந்தது வேறு. 1996-ல் அந்தப் பகுதியில் மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்துகொண்டிருந்தபோது, ஃபைசர் நிறுவனத்தின் குழு கானோவின் தொற்றுநோய் மருத்துவமனைக்கு வந்தது. ட்ரோவான் என்ற தன் புதிய மருந்தை அங்கே சோதித்தது. 200 குழந்தைகள், பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மருந்து. 11 குழந்தைகள் இறந்தார்கள். வேறு சிலர் ஊனமானார்கள். இது பரிசோதனை என்று எங்களிடம் யாரும் சொல்லவே இல்லை, சிகிச்சை என்றுதான் நினைத்தோம் என்றார்கள் பெற்றோர்கள். குழந்தைகள் இறந்தது நோயினால்தான் என்றும், தான் தவறு செய்யவில்லை என்றும் நிறுவனம் சொன்னது. விவகாரம் 2000 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் வெளிவந்தது, வழக்குகள் தொடர்ந்தன. 2009-ல் கானோ மாநில அரசுடன் 7.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

ஆக, 2003-ல் சொட்டு மருந்துப் பெட்டியோடு வீட்டு வாசலில் நின்றவர், வெள்ளைக்காரர் அனுப்பிய இலவச மருந்தைக் குழந்தை வாயில் ஊற்றக் கேட்டார். அந்த வாசலில் இருந்த தாய்க்கு, ஏழே ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒரு மருந்தின் கதை தெரியும். போதாததற்கு அவர் கண்முன்னால் குழந்தைகள் மலேரியாவிலும் தட்டம்மையிலும் இறந்துகொண்டிருந்தார்கள். அதற்கு மருந்து வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். போலியோவுக்கு மட்டும் வீடு தேடி, திரும்பத் திரும்ப, இலவசமாக. ஏன்? வடநைஜீரியாவில் களப்பணி செய்த மானுடவியலாளர்கள் இந்தக் கேள்வியைத்தான் மீண்டும் மீண்டும் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சதி என்ற பதில் தவறு, கேள்வி நியாயமானது.

முட்டுக்கட்டை உடைந்த விதம் இன்னும் கவனிக்க வேண்டியது. மேலும் ஓர் ஆய்வறிக்கையோ, மேலும் ஒரு மறுப்பு அறிக்கையோ அதை உடைக்கவில்லை. மருந்து இந்தோனேஷியாவிலிருந்து, ஒரு முஸ்லிம் நாட்டில் தயாரானதாக வரட்டும் என்று ஏற்பாடானது. குப்பிக்குள் இருந்தது அதே சொட்டு மருந்துதான். கொடுக்கும் கை மாறியது. 2004 ஜூலை இறுதியில் கானோவில் மறுபடி மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள்.

இடையில் போன அந்த மாதங்களுக்குக் கொடுத்த விலை பெரிது. நைஜீரியாவிலிருந்து கிளம்பிய வைரஸ் சுமார் இருபது நாடுகளுக்குப் பரவியது. போலியோ ஒழிந்து பத்தாண்டு ஆகியிருந்த இந்தோனேஷியாவையும் 2005-ல் அது தொட்டு, 300-க்கு மேற்பட்ட குழந்தைகளை முடக்கியது. கானோவின் நம்பிக்கையை மீட்ட மருந்து எந்த நாட்டிலிருந்து போனதோ, அதே நாட்டுக் குழந்தைகள். இந்த வரியை எழுதும்போது நெஞ்சு கனக்கிறது. மறுத்தவர்களின் கேள்வி நியாயமானது என்று சொல்வதால் மறுப்பின் விளைவு குறைந்துவிடாது. இயற்கையான போலியோ வைரஸிலிருந்து ஆப்பிரிக்கா விடுபட்டது என்று சான்று கிடைக்க 2020 ஆகஸ்ட் ஆனது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2002-ல் இந்தியாவில் சுமார் 1,600 குழந்தைகளைப் போலியோ தாக்கியது. அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் உத்தரப்பிரதேசத்தில். குறிப்பாக மொராதாபாத் உள்ளிட்ட மேற்கு மாவட்டங்களில், முஸ்லிம் குடும்பங்களில் அதிகம். வீடு வீடாகப் போகும் குழுவினர் சொட்டு மருந்து கொடுத்ததும் குழந்தையின் சுண்டுவிரல் நகத்தில் மை வைப்பார்கள். வெளியே வந்து வாசல் சுவரில் சாக்பீஸால் எழுதுவார்கள். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாகிவிட்டால் ‘பி’. யாராவது விடுபட்டால், அல்லது வீட்டார் மறுத்தால், பெருக்கல் குறி. அந்தப் பெருக்கல் குறி வீடுகளைத் தேடி மறுநாள் இன்னொரு குழு வரும்.

கணக்குக்கு அது வசதி. ஆனால் தெருவில் போகிற எல்லோரும் பார்க்க ஒரு வீட்டுச் சுவரில் குறி போடுவது அந்த வீட்டுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்? அதுவும் மேற்கு உத்தரப்பிரதேசத்தில். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், இந்தியாவில் 80 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. ஆள்பிடித்துக் கொண்டுபோய்ச் செய்தது எவ்வளவோ. கட்டாயக் கருத்தடையை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது முசாஃபர்நகரில் 1976 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அரசாங்கம் பட்டியலோடு வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த வட்டாரத்துத் தாத்தா பாட்டிகள் தங்கள் உடம்பாலேயே அறிந்திருந்தார்கள். “சொட்டு மருந்து கொடுத்தால் பிள்ளை பிறக்காது” என்ற வதந்திக்கு விதை போட்டது வதந்தி பரப்பியவர் மட்டும் கிடையாது.

மறுப்பு சில ஊர்களில் பேரமாகவும் இருந்தது. ரோடு போடுங்கள், சாக்கடை கட்டுங்கள், அப்புறம் சொட்டு மருந்து என்றார்கள். அரசு தங்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டு வருகிறது, அதை மறுத்தால்தான் காது கொடுக்கும் என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பத்துத் தடவைக்கு மேல் சொட்டு மருந்து குடித்த குழந்தைகளுக்கும் அங்கே போலியோ வந்தது. பெற்றோர் பார்த்தார்கள், ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்றார்கள். அதிகாரிகள் அதையும் வதந்திக் கணக்கில் சேர்த்தார்கள். 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, உத்தரப்பிரதேசத்தில் ஒவ்வொரு தவணை தரும் பாதுகாப்பும் நாட்டின் மற்ற பகுதிகளில் கிடைப்பதில் பாதிகூட இல்லை என்று காட்டியது. நெரிசல், ஓயாத வயிற்றுப்போக்கு, சுகாதாரக் கேடு எல்லாம் சேர்ந்து அந்த நிலை. 2005-ல் ஒற்றை வகை வைரஸுக்கான மருந்தும், 2010-ல் இருவகை வைரஸுக்கான மருந்தும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அதுவரை, மருந்தின் குறைக்கும் சாக்கடையின் குறைக்கும் சேர்த்துத்தான் ‘கலாசாரம்’ என்ற சொல் பழி சுமந்தது.

பண்பாட்டை வெறும் உறையாக நினைத்து, அதற்குள் செய்தியை வைத்துக் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் புதிதல்ல. சென்னை ராஜதானியில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நடந்திருக்கிறது. பெரியம்மை வந்தால் அம்மன் வந்திருக்கிறாள் என்பது நம்மவர் வழக்கம். வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பு வாசம் இல்லாமல் சமைத்து, வெளியாளை உள்ளே விடாமல் வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை வீடே அடங்கி இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கம்பெனி அரசு அம்மை குத்த ஆள் அனுப்பியது. திருக்குறளில் ஊறிய ஆங்கிலேய அதிகாரி எல்லீஸ் துரை, மக்கள் தயங்குவதைப் பார்த்துத் தமிழில் ஒரு கதை எழுதினார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவது போன்ற கதை. பசு தரும் புனிதப் பொருள்கள் ஐந்தோடு ஆறாவதாக, மாட்டம்மையிலிருந்து வந்த இந்த அம்மைப் பாலையும் தேவியே அருளினாள் என்று போகும்.

எல்லீஸின் தமிழ்க் காதலை மதிக்கிறேன். ஆனாலும் இது எனக்கு உறுத்துகிறது. அப்போது அம்மை குத்துவதென்றால், ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்து இன்னொரு குழந்தையின் கையில் கீறி ஏற்றுவது. யார் வீட்டுக் குழந்தையின் நீர் என்று சாதி பார்த்தவர்கள் தயங்கினார்கள். குழந்தைக்குக் காய்ச்சலும் புண்ணும் வருகிறதே என்று எல்லோரும் பயந்தார்கள். இந்தத் தயக்கங்கள் எதற்கும் அந்தக் கதையில் பதில் கிடையாது. அம்மனைச் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சம்மதத்தை வாங்கப் பார்த்தது. இன்றைக்கும் நாட்டுப்புறப் பாட்டு மெட்டில் விழிப்புணர்வு வாசகங்களைப் போட்டுவிட்டு, ‘மக்கள் மொழியில் சொல்லிவிட்டோம்’ என்று திருப்திப்படுகிறோம். மெட்டு நம்முடையதாக இருந்தாலும் பேசுவது யார் என்று மக்களுக்குத் தெரியாமல் போவதில்லை.

பயமுறுத்துவதும் இதே மாதிரிதான் தவறிப் போகிறது. 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, ஆரம்பச் செய்திகள் ‘இதற்கு மருந்தே இல்லை’ என்று அழுத்திச் சொன்னன. மருந்தே இல்லையென்றால் எதற்காகச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்? நோயாளிகளை வீட்டிலேயே மறைத்து வைத்தார்கள். இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கம் செய்வது அங்கே மகன், மகளின் கடமை. அதைத் தடை செய்து, உடலைப் பையில் போட்டு எடுத்துப் போனபோது மோதல் வந்தது. குடும்பத்தாரை உடன் நிற்கவைத்து, பிரார்த்தனைக்கு இடம் கொடுத்து, ‘பாதுகாப்பான, மரியாதையான அடக்கம்’ என்று முறையை மாற்றியபோது எதிர்ப்பு தணிந்தது.

உத்தரப்பிரதேசத்திலும் கடைசியில் மாறியது ஆட்களும் அணுகுமுறையும்தான். யுனிசெஃப் உதவியோடு, அந்தந்தத் தெருவிலேயே குடியிருக்கும் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் சில நூறு வீடுகள். எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்த மாமியார் ஒத்துக்கொண்டால் மருமகள் கதவைத் திறப்பாள் என்று அவர்களுக்குத் தெரியும். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா போன்ற நிறுவனங்கள் உள்ளே வந்தன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொட்டு மருந்து நாளை இமாம்களே அறிவித்தார்கள். அப்புறம், போலியோவைப் பற்றி மட்டும் பேசுவதை விட்டார்கள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், சோப்பு போட்டுக் கை கழுவுவது, தாய்ப்பால், மற்றத் தடுப்பூசிகள் என்று அந்தப் பெண்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசினார்கள். ‘இதுக்கு மட்டும் ஏன்’ என்ற கேள்விக்கு, ‘இதுக்கு மட்டும் இல்லை’ என்று காட்டியதுதான் பதில்.

அமிதாப் பச்சனின் விளம்பரமும் நினைவுக்கு வருகிறது. ‘தோ பூந்த் ஜிந்தகி கீ’, வாழ்வின் இரண்டு சொட்டு. இதமாகப் பேசிய விளம்பரங்களோடு, சொட்டு மருந்து கொடுக்காத பெற்றோரை அவர் கோபமாகத் திட்டுகிற விளம்பரமும் வந்தது. மேற்கத்தியப் பாடப்படி பார்த்தால் அது முரண்டைக் கிளப்பியிருக்க வேண்டும். ஆனால் வீட்டுப் பெரியவர் மாதிரி நினைக்கிற ஒருவர் கோபித்துக்கொண்டால் அது அக்கறை. திட்டு ஒன்றுதான், திட்டுகிறவரைப் பொறுத்து அதன் பொருள் தலைகீழாகிறது.

இந்தியாவின் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரி 13-ல், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27-ல் சான்று கிடைத்தது.

தமிழ்நாட்டு முகாமையும் நாள் நீட்டித்துத்தான் நடத்தி முடித்தார்கள். அந்த நீட்டித்த நாட்களில் ஒரு மாலை நர்ஸம்மா சித்தி வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். வந்ததும் ஊசியைப் பற்றி எதுவும் பேசவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார், பாட்டியின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சித்தியே ஆரம்பித்தார், “ஏற்கெனவே போட்டாச்சே, எதுக்கு மறுபடியும்?” ரூபெல்லாவுக்கு இதுவரை உங்கள் பிள்ளைகளுக்குப் போடவில்லை, பின்னால் உங்கள் மகள் கர்ப்பமாகும்போது அந்த நோய் வந்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கண்ணும் காதும் போய்விடலாம் என்று நர்ஸம்மா நிதானமாகச் சொன்னார். ஸ்கூலில் ஏன் அவசரம் என்பதற்கும் பதில் இருந்தது: எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போட்டால்தான் நோய் ஒளிய இடம் இருக்காது.

“உங்க பொண்ணுக்குப் போட்டீங்களா?” என்றார் சித்தி.

“முதல் நாளே. ராத்திரி லேசா காய்ச்சல் அடிச்சுது. மறுநாள் ஸ்கூலுக்குப் போயிட்டா.”

சித்தி உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். “இந்த அட்டையிலேயே எழுதிடுங்கம்மா” என்றார். மறுநாள் காலை துணை சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்த தங்கை, இடது கட்டைவிரல் நகத்தில் இருந்த மையைப் பாட்டியிடம் காட்டி, நானும் ஓட்டுப் போட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.